அணைந்த திரையில் விழுந்த கோல்

விளையாட்டின் எதிர்காலம் கணினியின் கையிலா, கன்சோலின் கையிலா என்று உலகம் முழுக்கப் பெரிய பெரிய மூளைகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. பாவம், அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்த வழக்கு முடிந்துவிட்டது. மலாங் நகரத்தில், ஆற்றங்கரையில், ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் எங்கள் தெருவில், போன சுதந்திர நாள் மாலையில் அதை முடித்துவைத்தவன் நான். கணினி, கன்சோல் இரண்டையும் ஒரே மூச்சில் தோற்கடித்தேன். அந்தச் சாதனங்களில் ஒரு பொத்தானைக்கூட நான் வாழ்நாளில் தொட்டதில்லை; அன்றைக்கும் தொடவில்லை. தொடாமலே ஒரு கோல் போட்டேன். அதைத் தன் கண்ணால் பார்த்ததாகத் தெருவே சத்தியம் செய்யும். இத்தனைக்கும் அந்த நேரத்தில் மின்சாரமே இல்லை.

நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை. என் நண்பர் தர்சோனோவும் நம்பவில்லை. அவர் வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ரூப்பியா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் வாங்கியறியாதவர். நாளடைவில் மனிதர்களையும் அப்படியே பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் "நல்ல மழை" என்றால் எழுந்து போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் "ம்" என்பார். தெருவில் எனக்கு ஒரு பெயர், அவருக்கு ஒரு பெயர். நான் ஒன்றைச் சொன்னால் எல்லோரும் சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையசைத்தால்தான் அது நடந்தது.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன். மர்வோத்தோ என்றால் யாருக்கும் தெரியாது. குரலைக் கேட்டால் கிழக்கு ஜாவாவே எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொள்ளும். ரயில் வந்துவிட்டது என்று சொல்வதற்கு ஆள் வேண்டியதில்லை, அதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே. வராத ரயிலை வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி ஒரு நடைமேடை ஜனத்தையே அடித்துக்கொள்ளாமல் உட்காரவைப்பதுதான் என் தொழில். இந்தக் கதையில் அந்தத் தொழில் பின்னால் வரும்.

எங்கள் தெருப் பொது மண்டபத்துக்கு முன்னால் ஒரு அறை உண்டு. அதில் தித்தின் கன்சோல் கடை வைத்திருந்தாள். நான்கு தொலைக்காட்சி, நான்கு பெட்டி, தரையில் பாய், ஓரத்தில் ஐஸ் டீ. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் வந்து மணிக்கணக்கில் பணம் கட்டி விளையாடுவார்கள். புருஷன் கலிமந்தானுக்குச் சுரங்க வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்த அறைதான் அவளுக்குப் புருஷன். அறை போனால் ஜெம்பரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். அண்ணன் வைத்திருப்பது கோழிப் பண்ணை. தித்தினுக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது கோழி. ஒரு முட்டைக் குழம்பைப் பரிமாறும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த நேரத்தில்தான் சுரபாயாவிலிருந்து பாயு வந்து இறங்கினான். நல்ல பையன், முப்பது வயது, கூடவே பத்துக் கணினி. ஒவ்வொன்றும் கண்ணாடி வயிற்றோடு, உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடுகிற விளக்குகளோடு, கல்யாண வீட்டையே பெட்டிக்குள் அடைத்த மாதிரி இருந்தன. அந்த அறை எனக்கு வேண்டும், பதிலுக்கு மண்டபத்தின் ஒழுகுகிற கூரையை மாற்றித் தருகிறேன் என்றான்.

எங்கள் தெருவில் வாக்கெடுப்பு என்பது கெட்ட வார்த்தை. எல்லோரும் உட்கார வேண்டும், எல்லோரும் பேச வேண்டும், எல்லோரும் ஒருமித்துத் தலையசைக்க வேண்டும். ஒரே ஒரு தலை அசையாவிட்டாலும் அன்றைக்குத் தீர்மானம் இல்லை. பொரித்த சோயாத் தெம்பேயைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். பாதிப் பேர் தலைமேல் மழை ஒழுகியவர்கள், பாயு பக்கம். மீதிப் பேர் தித்தினிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள்.

"கன்சோலோட காலம் முடிஞ்சுபோச்சு, பாக்," என்றான் பாயு, எங்கள் பகுதித் தலைவர் பாக் சுகெங்கைப் பார்த்து. எங்கள் ஊரில் பெரியவரைப் பாக் என்போம், பெண்களை இபு, இளைஞனை மாஸ். "அது மூடின பொட்டி. பழசானா மொத்தமா தூக்கிப்போட்டுட்டு புதுசு வாங்கணும். கம்ப்யூட்டர்னா அப்படியில்ல. எது பழசோ அதை மட்டும் கழட்டி மாத்திக்கலாம்."

"மாஸ் பாயு, நீ கழட்டுறதைப் பார்த்திருக்கேன். மாட்டுறதையும் பார்த்திருக்கேன்," என்றாள் தித்தின். "வெளையாடி மட்டும் பார்த்ததே இல்லையே? எப்ப வந்தாலும் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாத்தான் உக்காந்திருக்கே."

மண்டபம் சிரித்தது. பாயு அசரவில்லை.

"முன்னெல்லாம் கன்சோல்ல மட்டும் வர்ற ஆட்டம்னு இருந்துது. இப்ப எல்லாமே கம்ப்யூட்டருக்கும் வந்துடுது. அப்புறம் எதுக்கு இபு அந்தப் பொட்டி?"

"எங்க வீட்டுச் சோத்தை ஒரு வருஷம் கழிச்சு ஆறிப்போனப்புறம் வாங்கித் தின்னுட்டு, எங்களுக்கே அடுப்பு எதுக்குன்னு கேக்கறியா?"

"ஆறினாலும் எங்களுக்குப் பாதி விலை!"

"ஆறினதுக்கு அதுவே ஜாஸ்தி!"

உள்ளபடி சொன்னால் இருவரும் அடித்துக்கொண்டது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவன் கணினியில் கால்பந்து விளையாடுவதற்குக் கையில் வைத்திருந்த பொத்தான் பிடியே தித்தின் கடையிலிருந்து இரவல் வாங்கியது. விசைப்பலகையில் பந்தை உதைக்க வராதாம். அவள் கன்சோலைப் பழுதுபார்க்கத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரு சின்னக் கணினி. இரண்டிலும் ஓடியது ஒரே ஆட்டம். இரண்டு பேரும் பணம் கட்டியது ஒரே தூர தேசத்துக் கம்பெனிக்கு. இதைச் சொன்னேன். "பாக் மர்வோத்தோவுக்கு இதெல்லாம் புரியாது" என்று முதல் தடவையாக இருவரும் ஒருமித்துத் தலையசைத்தார்கள்.

கடைசியில் பாக் சுகெங் ஒரு வழி சொன்னார். சுதந்திர நாள் போட்டிகள் வருகின்றன. வழுக்குமரம், சாக்கு ஓட்டம், கயிற்றில் தொங்கும் கிருப்புக் அப்பளத்தைக் கை கட்டிக்கொண்டு கடிக்கும் போட்டி, இவற்றோடு இதையும் சேர்த்துவிடலாம். ஒரே கால்பந்து ஆட்டம். அவன் கணினியில், அவள் கன்சோலில். இணையம் வழியாக இரண்டையும் மோதவிடலாமாம். நடுவில் அந்தக் கம்பெனி தரகர் வேலை பார்க்கும். பாயு ஜெயித்தால் அறை அவனுக்கு. தித்தின் ஜெயித்தாலோ, சமன் ஆனாலோ, இருக்கிறவள் இருப்பாள்.

எல்லாத் தலைகளும் அசைந்தன. பாயு இதே ஆட்டத்தில் சுரபாயாவில் கோப்பை வாங்கியவன் என்பது எல்லோருக்கும் தெரியும். தித்தின் பெட்டியைத் துடைத்துவைத்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றவள். ஆனால் கூட்டங்களில் தின்ற தெம்பே எங்கள் எல்லோருக்கும் நெஞ்சைக் கரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே அவள் அண்ணனுக்கு போன் செய்து, எதற்கும் ஒரு அறையைக் காலி செய்து வைக்கச் சொல்லிவிட்டாள். "கோழிக்கூண்டுக்குப் பக்கத்து அறை வேணாம்ணா" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

இந்த இடத்தில் மின்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மனிதனின் தகுதியை அறிய ஜாதகம் தேவையில்லை. வீட்டு இணைப்பு எத்தனை வாட் என்று கேட்டால் போதும். தொள்ளாயிரம் வாட் வீட்டில் தண்ணீர் மோட்டாரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினால் வாசலில் இருக்கும் மெயின் சுவிட்ச் 'ஜ்ளெக்' என்று விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இஸ்திரி போடுமுன் ஒரு குரல் எழும்: "இஸ்திரி போடப் போறேன், மோட்டாரை நிறுத்து!" எங்கள் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அடுத்தபடி பேசக் கற்றுக்கொள்ளும் வாக்கியம் அதுதான் என்று நான் சொல்லுவேன். மிகைப்படுத்துகிறேன் என்பார் தர்சோனோ.

மண்டபத்துக்கு ஆயிரத்து முந்நூறு வாட். பாயுவின் கல்யாண வீட்டுப் பெட்டி மட்டுமே அதில் பாதியை விழுங்கும். அதற்கு மேல் திரையில் படம் காட்டும் கருவி, தித்தினின் கன்சோல், அவள் தொலைக்காட்சி, மூன்று மின்விசிறி. பாயு கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னான்: "தாங்கும், பாக். ஆனா இதுக்கு மேல ஒரு கொசு விரட்டியைக்கூடச் சொருகக் கூடாது." நானே பேட்டரி ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன். கனிவான கவனத்திற்கு: மண்டபத்தில் சோறு வடிக்கக் கூடாது, வெந்நீர் போடக் கூடாது, இஸ்திரி போடவே கூடாது. தேநீர்கூட வீட்டிலிருந்து பிளாஸ்க்கில்தான் வந்தது.

அன்று மாலை மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. பகல் வெளிச்சத்தில் திரை தெரியாது என்று எல்லா ஜன்னல்களிலும் பழைய தேர்தல் பதாகைகளைத் தொங்கவிட்டிருந்தோம். தோற்றுப்போன வேட்பாளர்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாழ்நாளில் அத்தனை பெரிய கூட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். வழுக்குமரத்தில் ஏறி எண்ணெயும் கரியுமாக இறங்கியவர்கள் அப்படியே வந்து உட்கார்ந்ததில் முன்வரிசை வழவழவென்று இருந்தது. பரிசு கொடுப்பதற்குத் தர்சோனோ. நேர்மைக்கு அவரை விட்டால் ஆள் ஏது? புது பத்திக் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்; உடுத்தி வந்தால் வியர்த்துவிடுமாம். "உடை மாத்திட்டு வரேன்" என்று பின்னறைக்குள் போனவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பாயுவின் கணினி ஏதோ புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. கூட்டம் காத்திருந்தது. அது முடிந்ததும் தித்தினின் கன்சோலும் எனக்கும் ஒன்று வேண்டும் என்றது. மறுபடி காத்திருந்தோம். எதிர்காலம் இரண்டு பக்கமும் தயாராகிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் சாக்கு ஓட்டத்தை இரண்டாம் தடவை நடத்தி முடித்தோம்.

பாயு நீலச் சட்டை அணி, தித்தின் சிவப்புச் சட்டை அணி. நான் ஒலிபெருக்கியோடு வர்ணனை. ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே பாயு ஒரு கோல் போட்டான். அழகான கோல், குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு தித்தின் தன் பதினொரு பேரையும் கோலுக்கு முன்னால் பாய் விரித்த மாதிரி நிறுத்திவைத்து, வந்த பந்தையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். கண் இமைக்கவில்லை. அவள் காதில் கோழிகள் கொக்கரித்தது எனக்கே கேட்டது.

ஆட்டம் முடியச் சொற்ப நேரம் இருந்தபோது, முதல் தடவையாகப் பந்து அவள் காலுக்கு வந்தது. அவளுடைய பத்தாம் எண்காரன் நடுக்கோட்டைத் தாண்டினான். கூட்டம் எழுந்தது.

ஜ்ளெக்.

திரை போயிற்று. தொலைக்காட்சி போயிற்று. கல்யாண வீட்டு விளக்குகள் போயின. மின்விசிறிகள் பெருமூச்சு விட்டு நின்றன. பதாகைகளின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அதில் தோற்ற வேட்பாளர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடா எதைச் சொருகினது?" என்று பாக் சுகெங் வாசலுக்கு ஓடினார். சுவிட்சைத் தூக்கினார். பாயுவின் பெட்டி ஒரு கணம் பச்சையாகச் சிரித்தது. ஜ்ளெக். மறுபடி தூக்கினார். ஒரு கணம் நீலம். ஜ்ளெக். ஒவ்வொரு தடவையும் பாயுவின் முகமும் அதே நிறத்தில் எரிந்து அணைந்தது. "தூக்காதீங்க பாக், என் கார்டு எரிஞ்சுரும்!" என்று அலறினான்.

இருட்டும் புழுக்கமும் சேர்ந்தால் ஜனம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் எண்ணெய்க்காரன் ஒருவன் ஏற்கெனவே பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து, "உங்க ஆளு கம்ப்யூட்டர்தான் எல்லாக் கரண்டையும் குடிச்சுது" என்றான். அவன், "உங்க இபுவோட ஐஸ் டீ பொட்டியை முதல்ல பாரு" என்றான். இனி அடுத்தது கை. நான் என்ன செய்ய? வராத ரயிலுக்கு என்ன செய்வேனோ அதைச் செய்தேன். என் ஒலிபெருக்கி பேட்டரியில் ஓடுவது.

"கனிவான கவனத்திற்கு!" என்றேன். "நடுக்கோட்டைத் தாண்டிய பத்தாம் எண் சிவப்புச் சட்டை, இடது ஓர நடைமேடை வழியாக வந்துகொண்டிருக்கிறார்... வந்துகொண்டிருக்கிறார்..."

மண்டபம் அமைதியானது. யாரோ சிரித்தார்கள். "பாக், திரையே இல்ல," என்றான் எண்ணெய்க்காரன்.

"உங்களுக்குத் தெரியலன்னா முன்னாடி இருக்கிறவர் தலையைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்க," என்றேன். "ஒருத்தரைத் தாண்டிட்டார். இன்னொருத்தரையும் தாண்டிட்டார்!"

"தாண்டு, தாண்டு!" என்றது ஒரு குரல். பிறகு பல குரல்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. கடக், கடக், கடக். தித்தின். செத்துப்போன தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, கையிலிருந்த பிடியின் பொத்தான்களை அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் "வலப்பக்கம் திரும்புகிறார்" என்றால் அவள் உடம்பும் வலப்பக்கம் சாய்ந்தது. அவள் சாய்ந்தாள், நான் சொன்னேன். நான் சொன்னேன், அவள் சாய்ந்தாள். யார் யாரை ஓட்டினோம் என்று இன்றுவரை தெரியாது.

பாயு பிடியைக் கீழே வைத்துவிட்டிருந்தான். "இது என்ன பைத்தியக்காரத்தனம், ஆட்டம் நின்னுபோச்சு!" என்றான்.

"நீலச் சட்டைத் தடுப்பாட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருக்கிறார்கள்," என்று அறிவித்தேன். "ஒருவர் கொட்டாவி விடுகிறார். கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து பக்சோ சூப் சாப்பிடுகிறார்."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "மாஸ் பாயு, உன் ஆளுக்கு இன்னொரு கிண்ணம் வேணுமாம்!" என்றான் ஒருவன். பாயு பல்லைக் கடித்தான். ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு, ஐயா, தரையில் துழாவி அந்தப் பிடியை எடுத்தான்! எடுத்துக் கடகடவென்று அமுக்க ஆரம்பித்தான். சுரபாயாக் கோப்பை வாங்கினவன் இருட்டில் பந்தைப் பறிக்க வந்துவிட்டான். எனக்கும் நேர்மை உண்டு. அவன் அமுக்கிய வேகத்துக்கு ஒரு பந்தைப் பறிக்கவும் கொடுத்தேன். அவன் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். தித்தின் மீண்டும் பறித்தாள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று அந்த அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தது என்றுதான் சொல்லுவேன். வலது ஓரம் என்றால் எல்லாக் கண்களும் வலது ஓரம் போயின.

"பத்தாம் எண், பெட்டிக்குள் நுழைகிறார். எதிரே கோல்கீப்பர் மட்டும். காலைப் பின்னால் இழுக்கிறார். அடிக்கிறார்..."

அங்கே எனக்கு மூச்சு நின்றது. பந்து என் வாயில் இருந்தது. ஒரு பக்கம் கோழிப் பண்ணை, ஒரு பக்கம் ஒழுகாத கூரை. இதுவரை வராத ரயிலை வருகிறது என்று சொல்லியிருக்கிறேனே தவிர, வந்துவிட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு இழை மௌனத்தில், எங்கிருந்தோ, பின்பக்கத்திலிருந்து, ஒரு குரல்:

"கோ...ல்!"

அவ்வளவுதான். மண்டபம் இடிந்தது. எண்ணெய்க்காரர்கள் எண்ணெயில்லாதவர்களைக் கட்டிக்கொண்டார்கள். நானும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு, "வலது மேல் மூலை! வலது மேல் மூலை!" என்று கத்தினேன். தித்தின் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பாயு துள்ளி எழுந்தான். "ஆஃப்சைட்! அது ஆஃப்சைட்! அவன் எங்க கடைசி ஆளுக்கு முன்னாடி நின்னான், நான் பார்த்தேன்!"

அப்போது பாக் சுகெங் மறுபடி சுவிட்சைத் தூக்க, இந்தத் தடவை மின்சாரம் நிலைத்தது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். கணினி, தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பதாகவும் அணைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டது. கன்சோல், சரியாக மூடாமல் மின்சாரத்தைத் துண்டித்தது யார் என்று ஆசிரியை மாதிரிக் கண்டித்தது. "சீ, ரெண்டையும் அணை!" என்றது கூட்டம். "பாக் மர், நீங்க சொல்லுங்க, நிறுத்தாதீங்க!" ஆகவே மீதி நேரத்தையும் நானே ஊதி முடித்தேன். ஒன்றுக்கு ஒன்று. சமன்.

தர்சோனோ வந்து கோப்பையையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் தித்தினிடம் கொடுத்தார். அவசர அவசரமாகக் கொடுத்தார்.

மறுநாள் பாயு வந்தான். கம்பெனியின் கணக்கில் அப்படி ஓர் ஆட்டமே இல்லையாம். இரண்டு பேரும் மைதானத்தை விட்டு ஓடிவிட்டதாக எழுதியிருக்கிறதாம். அதனால் மறுபடி ஆட வேண்டும், இந்தத் தடவை வாடகை ஜெனரேட்டரோடு. மறுபடி ஆடினால் என்ன ஆகும் என்று தெருவுக்கே தெரியும். தித்தின் தொலைக்காட்சிகளுக்கு அட்டைப்பெட்டி தேட ஆரம்பித்தாள்.

ஞாயிறு காலை கூட்டம் கூடியது. கேள்வி ஒன்றே ஒன்று: அந்த கோல் விழுந்ததா, இல்லையா? பாக் சுகெங் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொரு தலையாக அசைந்தது. கூரை ஒழுகுகிறவர்கள்கூட அசைத்தார்கள். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வார்கள்? பாயுவின் முறை வந்தது.

"மாஸ், ஆஃப்சைட்னு கத்தினியே," என்றார் பாக் சுகெங். "பந்து இல்லாம ஆஃப்சைட் எப்படி?"

பாயு தலையைச் சொறிந்தான். பிறகு தர்சோனோவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தைரியமாகச் சொன்னான்: "எல்லாரும் ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன்."

மிச்சம் ஒரு தலை.

"நான் ஒத்துக்க மாட்டேன்," என்றார் தர்சோனோ. "அணைஞ்ச திரையில கோல் விழாது. மர்வோத்தோ வாயில விழுந்ததை எல்லாம் நாம கணக்குல வரவு வைக்க முடியுமா? இந்த ஆளு ஒருநாள் பிரந்தாஸ் ஆத்துல திமிங்கலம் பார்த்தேன்னாரு. கேட்டா குட்டியாம்!"

"அது வெள்ளம் வந்த வருஷம்," என்றேன்.

"கரண்டு போச்சுங்கிறதே எனக்குச் சந்தேகமா இருக்கு. நான் பின்னறையில இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல."

"பின்னறையில என்ன பண்ணிட்டிருந்தீங்க, பாக்?" என்று கேட்டார் பாக் சுகெங், மிகவும் மரியாதையாக.

"சட்டை மாத்திட்டிருந்தேன்."

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. கோப்பை கொடுக்க வந்தபோது அவர் வலது கையும் வலது தோளும் வாழை மட்டை மாதிரி விறைப்பாக, மடிப்புக் கலையாமல் இருந்தன. இடது பாதி, மாடு மென்று துப்பியது மாதிரி இருந்தது. அதை அன்றைக்கு ஆரவாரத்தில் யாரும் யோசிக்கவில்லை. இப்போது மண்டபம் முழுக்க மெல்லப் பின்னறைப் பக்கம் திரும்பியது. அங்கே மாதர் சங்கத்தின் இஸ்திரிப் பெட்டி அலமாரி மேல் அப்பாவியாக உட்கார்ந்திருந்தது.

"அது... இப்பல்லாம் அப்படித்தான் போட்டுக்கறாங்க," என்றார் தர்சோனோ. "ஃபேஷன்."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. யாரோ மெதுவாக, "இஸ்திரி போடப் போறேன், எதிர்காலத்தை நிறுத்து," என்றார்கள். சிரிப்பு மண்டபத்தைச் சுற்றிவந்து, பாயுவின் வாயில்கூட ஒரு கணம் தங்கிவிட்டுப் போயிற்று. தர்சோனோவின் காது சிவந்தது.

தித்தின் எழுந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"பாக், நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. கரண்டு போனது போகட்டும். கசங்கின சட்டையோட யாருக்குத்தான் மேடை ஏற மனசு வரும்? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் பின்னறைக் கதவுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பாக் மர் 'அடிக்கிறார்'னு சொல்லிட்டு நிறுத்திட்டாரு. யாரும் இன்னும் கத்தல. அப்ப அந்தக் கதவுக்குப் பின்னாடியிலேருந்து ஒரு குரல் முதல்ல கத்துச்சு. அது யாரு, பாக்? அந்த ஆளு எதைப் பார்த்துட்டுக் கத்தினாரு?"

தர்சோனோ கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி துடைத்தார். வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த திசையை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னைக் கோபமாகப் பார்த்தார்.

"கோல்தான்," என்றார். "ஆனா இந்த ஆளு சொல்ற மாதிரி வலது மூலையில்ல. இடது மூலை. கம்பத்துல பட்டு உள்ள போச்சு. நான் பார்த்தேன்."